‘டேக்’ ஒன்று, துருக்கியத்தில் இருபது: தமிழ் வழியாகப் போகும் முழுமையான வழிகாட்டி

துருக்கியம் கற்கத் தொடங்கிய முதல் மாதம். ‘நாளைக்கு பஸ்ஸில் வருவேன்’ என்று சொல்ல வேண்டும். மனதில் முதலில் ஆங்கில வாக்கியம்தான் வந்தது. அதில் ‘எடு’ என்று பொருள்படும் ‘டேக்’ (take) இருந்தது. ‘டேக்’ என்றால் ‘அல்மக்’ என்று அகராதியில் படித்திருந்தேன். ‘ஒதொபுஸ் அலஜாவும்’ என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். எதிரில் இருந்தவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ‘கச் தானெ?’ என்று கேட்டார். ‘எத்தனை?’ என்று பொருள். நான் சொன்னது ‘பஸ் வாங்கப் போகிறேன்’.

தவறு துருக்கியத்தில் இல்லை, நடுவில் நான் கூப்பிட்டுக்கொண்ட ஆங்கிலத்தில் இருந்தது. தமிழன் எவனும் பஸ்ஸை ‘எடுப்பதில்லை’, ஏறுகிறான். துருக்கியரும் ஏறுகிறார்கள்: ‘பின்மெக்’. இரண்டு மொழியும் ஒத்துப்போகிற இடத்தில் மூன்றாவது மொழியிடம் வழி கேட்டுத் தொலைந்துபோவதுதான் நம்மில் பலர் செய்கிற வேலை. அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கத்தான் இந்த வழிகாட்டி. ‘டேக்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு பொருளுக்கும் துருக்கியத்தில் எந்த வினை என்று பார்க்கப்போகிறோம். பெரும்பாலும் தமிழ் வழியாக. தமிழும் கைவிடும் இடங்கள் சில உண்டு, அவை தனியாக வரும்.

முதல் படி: ஒலியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

துருக்கி 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. இன்றைய அகரவரிசையில் 29 எழுத்துகள். எழுதியபடியே படிக்கலாம் என்பதால் கற்பவருக்கு இது பெரிய வசதி. இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுவதால் மூன்று குறிப்புகள் தேவை.

ஒன்று, துருக்கியத்தில் புள்ளியில்லாத ஆங்கில ஐ (ı) என்றொரு எழுத்து இருக்கிறது. மற்ற நாட்டுக்காரர்கள் பலர் இதை உச்சரிக்கப் படாத பாடு படுவார்கள். நமக்கு அது பிறந்த வீட்டு ஒலி. ‘காடு’, ‘பேச்சு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, அந்தக் குற்றியலுகரம்தான் அது. ‘அல்தும்’, ‘சுக்கர்மக்’ என்று நான் எழுதும் இடங்களில் அந்த உகரத்தைக் குற்றியலுகரமாகவே சொல்லுங்கள்.

இரண்டு, ‘மெக்’ என்று முடியும் வினைகளில் வரும் ஒகரமும் உகரமும் வேறு. ‘எ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் அந்த ஒகரம், ‘இ’ என்று சொல்லிக்கொண்டே குவித்தால் அந்த உகரம். ‘கொத்துர்மெக்’ என்பதில் இரண்டும் வருகின்றன. இதற்குத் தமிழில் இணை இல்லை, வாயைப் பழக்கத்தான் வேண்டும்.

மூன்று, வல்லினம் எங்கே மெலிந்து ஒலிக்கிறது என்பது. ‘பின்மெக்’கின் ப ‘பயம்’ என்பதில் வரும் ப. ‘கிர்மெக்’கின் கி ‘கிராமம்’ என்பதில் வரும் கி. ‘அல்தும்’ என்பதில் வரும் து ‘பந்து’வின் து. மற்றவற்றைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

வினைச்சொற்கள் எல்லாம் ‘மக்’ அல்லது ‘மெக்’ என்று முடியும். அது நம் ‘தல்’ விகுதி மாதிரி. அதை நீக்கினால் மிஞ்சுவது வேர், அதுவே ஏவலும்கூட. ‘அல்மக்’ என்பதில் ‘அல்’ என்றால் ‘வாங்கு’.

இரண்டாம் படி: ‘அல்மக்’ என்பதை ‘வாங்கு’ என்று படியுங்கள்

அகராதி ‘எடு’ என்று சொல்லும். நம்பாதீர்கள், அல்லது பாதி நம்புங்கள். ‘அல்மக்’கின் மையம் நம் ‘வாங்கு’தான். நாம் கடையில் காசு கொடுத்தும் ‘வாங்குகிறோம்’, நண்பரிடமிருந்து காசு கொடுக்காமலும் ‘வாங்குகிறோம்’. ஆங்கிலம் இதற்கு இரண்டு மூன்று வினை வைத்திருக்கிறது. துருக்கியமும் தமிழும் ஒன்றே வைத்திருக்கின்றன. ‘கிதாப் அல்தும்’ என்றால் ‘புத்தகம் வாங்கினேன்’. விலைக்கா இரவலா என்று கேட்டால்தான் விளங்கும். விலைக்குத்தான் என்று அழுத்திச் சொல்ல ‘ஸத்துன் அல்மக்’ இருக்கிறது, ‘விலைக்கு வாங்கு’ என்று நாம் சொல்வதுபோல.

இன்னொரு சான்று. கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதற்குத் துருக்கியத்தில் ‘அலுஷ்வெரிஷ்’ என்று பெயர். ‘அலுஷ்’ வாங்கல், ‘வெரிஷ்’ கொடுக்கல். நம்முடைய ‘கொடுக்கல் வாங்கல்’ தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அவர்கள் வாங்கிவிட்டுக் கொடுக்கிறார்கள், நாம் கொடுத்துவிட்டு வாங்குகிறோம். பொருள் மட்டும் கொஞ்சம் விலகியிருக்கிறது. நம்முடையது கடன், கணக்கு என்று போய்விட்டது, அவர்களுடையது சாமான் வாங்குவதோடு நின்றுவிட்டது.

இந்த ‘வாங்கு’ மனதில் பதிந்துவிட்டால் பின்வருவனவற்றை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ‘பொர்ச் அல்மக்’ கடன் வாங்குதல். ‘நெஃபெஸ் அல்மக்’ மூச்சு வாங்குதல். ஆனால் கவனம்: நமக்கு மூச்சு வாங்கினால் ஓடிவந்திருக்கிறோம் என்று பொருள், அவர்களுக்கு அது சாதாரணமாகச் சுவாசிப்பது. மூச்சை விடுவது ‘நெஃபெஸ் வெர்மெக்’, மூச்சைக் கொடுப்பது.

‘எடு’ என்று நாம் சொல்லும் சிலவும் இதற்குள் வரும்: ‘நொத் அல்மக்’ குறிப்பெடுத்தல், ‘ஒல்ச்சு அல்மக்’ அளவெடுத்தல். எனக்கு மிகவும் பிடித்தது ‘யெர் அல்மக்’. ‘யெர்’ என்றால் இடம். ஆங்கிலக் கண்ணால் பார்த்தால் இது ‘நிகழ்தல்’ என்று தோன்றும், மொழிபெயர்ப்பில் பலர் அப்படியே எழுதியும் விடுகிறார்கள். தமிழ்க் கண்ணால் பாருங்கள்: இடம் பெறு. ஒரு பட்டியலில், ஒரு நூலில், ஒரு அணியில் இடம்பெறுதல். அதுவேதான் துருக்கியப் பொருளும். நிகழ்வதற்கு ‘கெர்செக்லெஷ்மெக்’ என்று வேறு சொல் இருக்கிறது.

மூன்றாம் படி: ‘டேக்’கைக் கண்டதும் தமிழில் வினை என்ன என்று கேளுங்கள்

எழுத்தில் வேண்டாம், பேச்சில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். ‘எடுத்துக்கொள்’ என்று பதில் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஆங்கிலம் படித்துப் படித்து நம் எழுத்துத் தமிழே ‘பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்’, ‘இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கெட்டுப்போயிருக்கிறது. வாயில் வரும் வினைதான் உதவும்.

வண்டி என்றால் ஏறுவோம். ‘ஒதொபுஸெ பின்’, பஸ்ஸில் ஏறு. ரயில், விமானம், டாக்ஸி எல்லாவற்றுக்கும் ‘பின்மெக்’தான். இறங்க ‘இன்மெக்’. டாக்ஸியை நாம் ‘பிடிப்போம்’ இல்லையா, அவர்களும் பிடிக்கிறார்கள்: ‘தக்ஸி துத்மக்’. ‘துத்மக்’ என்றால் கையால் பிடிப்பது. இந்த ஒற்றுமையை முதலில் கண்டபோது நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

நேரம் என்றால் ஆகும். ‘நெ கதார் ஸுரெர்?’ எவ்வளவு நேரம் ஆகும்? ‘இகி ஸாஅத் ஸுரெர்.’ இரண்டு மணி நேரம் ஆகும். ‘ஸுர்மெக்’ என்பதற்கு நீடித்தல் என்று பொருள். வண்டி ஓட்டுவதற்கும் தைலம் தடவுவதற்கும்கூட இதே வினைதான், அது வேறு கதை. ஒருவருடைய நேரத்தைப் பறிக்கிறோம் என்னும்போது மட்டும் ‘அல்மக்’ திரும்பி வரும்: ‘வக்தினிஸி அல்மயாயும்’, உங்கள் நேரத்தை வாங்க விரும்பவில்லை. அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் ‘டேக்’ போட்டுச் சொல்வதை ‘அஜெலெ எத்மெ’ என்று முடித்துவிடலாம். அவசரப்படாதே, அவ்வளவுதான்.

தைரியம் வேண்டும், பொறுமை வேண்டும் என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’ வரும். ‘ஜெஸாரெத் இஸ்தெர்’, தைரியம் வேண்டும். ‘இஸ்தெமெக்’ என்பது ‘வேண்டு’.

ஆளையோ பொருளையோ ஓரிடத்துக்குக் கொண்டுபோவது ‘கொத்துர்மெக்’, கொண்டுவருவது ‘கெத்திர்மெக்’. நாம் மனிதரைக் ‘கூட்டிப் போவோம்’, பொருளைக் ‘கொண்டு போவோம்’. துருக்கியத்தில் அந்த வேறுபாடு கிடையாது, குழந்தைக்கும் பெட்டிக்கும் ஒரே வினை. டாக்ஸிக்காரரிடம் ‘பெனி ஹவாஅலானுனா கொத்துருர் முஸுனுஸ்?’ என்றால் ‘என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போவீர்களா?’ என்று பொருள். ஆனால் ஓரிடத்தில் காத்திருப்பவரைப் போய் அழைத்துக்கொள்வது ‘அல்மக்’: ‘ஸெனி ஸாஅத் அல்துதா அலுரும்’, ஆறு மணிக்கு உன்னை வந்து கூட்டிக்கொள்கிறேன். பள்ளியிலிருந்து மகளை அழைத்துவருபவர் ‘குஸுமு ஒகுல்தன் அலுயொரும்’ என்பார். பள்ளிக்கு அழைத்துப்போவது ‘கொத்துர்மெக்’, பள்ளியிலிருந்து அழைத்துக்கொள்வது ‘அல்மக்’.

பார்த்துக்கொள்வது ‘பக்மக்’. இதற்கு முதற்பொருளே ‘பார்’ என்பதுதான். விடைபெறும்போது ‘கெந்தினெ இயி பக்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘உன்னை நன்றாகப் பார்’. நாம் ‘உடம்பைப் பாத்துக்கோ’ என்பதற்கு இதைவிட நெருங்கிய மொழிபெயர்ப்பு எனக்குத் தெரிந்து எந்த மொழியிலும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு வரும் ‘டேக்’கை அப்படியே துருக்கியத்துக்கு மாற்றினால் எவருக்கும் ஒன்றும் புரியாது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். இடப்பக்கம் திரும்ப ‘ஸொலா தொன்’. காலாற நடந்துவர ‘யுருயுஷெ சுக்மக்’, நடைக்குக் கிளம்புவது. காய்ச்சல் பார்க்க ‘அதெஷினி ஒல்ச்மெக்’. காய்ச்சலுக்கும் நெருப்புக்கும் ஒரே சொல், ‘அதெஷ்’. ஒருவரை வேறொருவராக நினைத்துக்கொள்ள ‘ஸன்மக்’: ‘ஸெனி தொக்தொர் ஸந்தும்’, நீ டாக்டர் என்று நினைத்தேன். இந்த இடத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்க ‘புராஸு பொஷ் மு?’, இது காலியா? கடையில் அட்டை வாங்குவீர்களா என்று கேட்க ‘கார்த் கெச்சியொர் மு?’, அட்டை செல்லுமா? ‘கெச்மெக்’ என்றால் கடந்து செல்வது. நம் ‘செல்லும்’ இங்கேயும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நான்காம் படி: தமிழும் வழுக்கும் இடங்களைத் தனியே எழுதிவையுங்கள்

பரீட்சையை நாம் எழுதுகிறோம், ஆங்கிலத்தில் ‘டேக்’ வரும், துருக்கியத்தில் அதற்குள் நுழைகிறார்கள்: ‘ஸுனாவா கிர்மெக்’. தேர்வறைக்குள் போவதே தேர்வு. இதில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘தெர்ஸ் அல்மக்’ பாடம் கற்பது, ‘தெர்ஸ் வெர்மெக்’ பாடம் நடத்துவது. ஆனால் ஒரு மாணவர் ‘தெர்ஸி வெர்திம்’ என்றால், அந்தப் பாடத்தில் தேறிவிட்டார் என்று பொருள். கொடுத்துத் தீர்த்துவிட்டார், கடன் அடைத்தமாதிரி.

முடிவு. ஆங்கிலத்திலும் தமிழிலும் எடுக்கிறோம், துருக்கியர் கொடுக்கிறார்கள்: ‘கரார் வெர்மெக்’. ‘கறார்’ என்று நாம் சொல்வதும் இதே அரபு மூலத்திலிருந்து வந்ததுதான். அவர்களிடம் முடிவு என்ற பொருளில் தங்கியது, நம்மிடம் கண்டிப்பு என்று ஆகிவிட்டது. ‘கரார் அல்மக்’ என்பதையும் கேட்பீர்கள். குழுவோ நிர்வாகமோ கூடித் தீர்மானம் போடும்போது அதுதான் பெரும்பாலும் வரும். தனி மனிதர் யோசித்து முடிவுக்கு வந்தால் ‘வெர்மெக்’. வேலைக்கு நடுவில் ஓய்வெடுப்பதும் இப்படியே, ‘மொலா வெர்மெக்’.

மாத்திரையைத் துருக்கியர் குடிக்கிறார்கள்: ‘இலாச் இச்மெக்’. ‘இலாச் அல்மக்’ என்றும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் ‘எஜ்ஸானெதென் இலாச் அல்தும்’ என்றால் மருந்துக்கடையில் வாங்கினேன் என்றுதான் பொருள். விழுங்கினீர்களா என்பது தெரியாது. மாத்திரைக்கு ‘ஹப்’ என்றும் பெயர். அதை வைத்து ‘ஹபு யுத்துக்’, ‘மாத்திரையை விழுங்கிவிட்டோம்’ என்று ஒருவர் சொன்னால் மருத்துவரைத் தேட வேண்டாம். ‘வசமாக மாட்டிக்கொண்டோம்’ என்கிறார்.

படம். நாம் எடுப்போம் அல்லது பிடிப்போம், அவர்கள் இழுக்கிறார்கள்: ‘ஃபொதோராஃப் செக்மெக்’. வழிப்போக்கரிடம் போனை நீட்டி ‘பிஸி செகெர் மிஸினிஸ்?’ என்றால் போதும், எங்களைப் படம் எடுப்பீர்களா என்று ஆகிவிடும். ‘செக்மெக்’ ஒரு சுரங்கம். ஏடிஎம்மில் பணம் எடுப்பது ‘பரா செக்மெக்’. பிள்ளை அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறது என்பதற்கு ‘பபாஸுனா செக்மிஷ்’. பல் பிடுங்குவதும் ‘செக்மெக்’. இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். பல் மருத்துவரிடம் போய்வந்து ‘பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்’ என்போம். துருக்கியத்தில் அப்படிச் சொன்னால் நீங்களே குறடு வைத்து இழுத்ததாகிவிடும். பிறவினை கட்டாயம்: ‘திஷிமி செக்திர்திம்’, என் பல்லைப் பிடுங்குவித்தேன். செய், செய்வி என்று பள்ளியில் படித்த இலக்கணம் அங்கே அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

குளிப்பதற்கு ‘துஷ் அல்மக்’ என்று ஆங்கிலப் போக்கிலேயே சொல்கிறார்கள். ‘யுக்கன்மக்’ என்றும் சொல்லலாம், அது நம் ‘குளி’க்கு நெருக்கம்.

ஐந்தாம் படி: கழற்றுவதும் கிளம்புவதும்

ஆங்கிலத்தில் ‘டேக்’ பக்கத்தில் ‘ஆஃப்’ ஒட்டிக்கொண்டால் உடையும் விமானமும் ஒன்றாகிவிடும். துருக்கியம் நம்மைப்போல் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. சட்டை, செருப்பு, கண்ணாடி கழற்றுவது ‘சுக்கர்மக்’. கணக்கில் கழிப்பதும் அதே சொல். நம் ‘கழற்று’, ‘கழி’ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது. விமானம் கிளம்புவது ‘கல்க்மக்’: ‘உச்சாக் கல்க்து’. காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கும் இதே வினை. நிகழ்ச்சியில் பங்கெடுப்பது ‘கதுல்மக்’.

ஆறாம் படி: மனதுக்குள் எடுத்துக்கொள்வது

‘அல்மக்’ நான்காம் வேற்றுமையோடு சேரும்போது மனநிலைகளைச் சொல்லும். ‘ஜித்தி’ என்றால் தீவிரமானது. ‘ஜித்தியெ அல்மக்’ தீவிரமாக எடுத்துக்கொள்வது. ‘ஹஃபிஃப்’ என்றால் லேசானது. ‘ஹஃபிஃபெ அல்மக்’ லேசாக எடுத்துக்கொள்வது. ‘எல்’ கை; ‘எலெ அல்மக்’ ஒரு விஷயத்தைக் கையில் எடுப்பது. ‘கொஸ்’ கண், ‘கொஸெ அல்மக்’ என்றால் கண்ணில் வாங்குவது, அதாவது வருவது வரட்டும் என்று துணிவது.

இதன் செயப்பாட்டு வடிவம் ‘அலுன்மக்’. ‘வாங்கப்படு’ என்று நினைப்பீர்கள். அப்படியும் வரும். ஆனால் ஆளைக் குறித்து வந்தால் மனம் புண்படுவது. சட்டென்று முகம் சுருங்குகிற ஆளுக்கு ‘அலுன்கன்’ என்று பெயர். பொதுவாகச் சொன்னதைத் தன்னைச் சொன்னதாக நினைப்பவரிடம் ‘உஸ்துனெ அலுன்மா’ என்பார்கள். உஸ்து என்றால் மேல். ‘உன் மேல போட்டுக்காதே’ என்று நாம் சொல்வதில்லையா, அதே படம். பிறவினையாக்கினால் ‘அல்துர்மா’: கண்டுகொள்ளாதே, விட்டுத்தள்ளு.

இதில் இன்னும் மென்மையான ஒன்று, மறுப்பது. ‘அலுர் முஸுனுஸ்?’ என்று எதையாவது நீட்டுவார்கள், எடுத்துக்கொள்கிறீர்களா? வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் ‘அல்மயாயும்’ என்று சொல்லுங்கள். ‘நான் எடுத்துக்கொள்ளாமல் இருக்கட்டுமே’ என்பதுபோல ஒரு விருப்ப வடிவம். பணிவாக மறுக்க எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான வழி.

ஏழாம் படி: வேற்றுமையைச் சரிபாருங்கள்

நம் ஐ, கு, இலிருந்து மூன்றுக்கும் அங்கே நேரான உருபுகள் உண்டு, அவையும் சொல்லின் பின்னால்தான் ஒட்டும். ‘கிதாப் அல்தும்’ என்றால் ‘புத்தகம் வாங்கினேன்’, ‘கிதாபு அல்தும்’ என்றால் ‘புத்தகத்தை வாங்கினேன்’, அதாவது நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகத்தை. இரண்டாம் வேற்றுமை உருபு எங்கே தொகும், எங்கே விரியும் என்ற நுட்பம் தமிழருக்கு ஏற்கெனவே கைவந்தது.

இரண்டு இடத்தில் மட்டும் கை நடுங்கும். நாம் பஸ்ஸில் ஏறுகிறோம், அவர்கள் பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள்: ‘ஒதொபுஸெ’. நாம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம், அவர்கள் குழந்தைக்குப் பார்க்கிறார்கள்: ‘சொஜூவா பக்மக்’. ‘பின்’ என்றாலும் ‘பக்’ என்றாலும் ‘கு’ என்று மனதில் எழுதிவிடுங்கள். நண்பரிடமிருந்து என்றாலும் கடையிலிருந்து என்றாலும் ஒரே உருபு, ‘தன்’ அல்லது ‘தென்’. ‘இடமிருந்து’ என்ற தனி மரியாதை மனிதருக்குக் கிடையாது.

எட்டாம் படி: வாயில் போட்டுப் பாருங்கள்

இடப்பக்கத்தை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் 1932இல் தொடங்கப்பட்ட துருக்கி மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘டேக்’கைத் தேடாமல், நீங்கள் ஊகித்த துருக்கிய வினையைத் தேடுங்கள்.

ஸுனாவா கிர்திம் – பரீட்சை எழுதினேன்.
பிர் கரார் வெர்திம் – ஒரு முடிவு எடுத்தேன்.
அர்கதாஷும்தன் பொர்ச் அல்தும் – நண்பரிடமிருந்து கடன் வாங்கினேன்.
தக்ஸி துத்தும் – டாக்ஸி பிடித்தேன்.
பெனி ஜித்தியெ அல்முயொர் – அவர் என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாக, அந்த பஸ். ‘ஒதொபுஸெ பினெஜேயிம்’ என்று நான் சொல்லியிருந்தால் இலக்கணப்படி சரியாக இருந்திருக்கும். ஆனால் நான் சொல்ல நினைத்தது ஏறப்போவதை அல்ல, பஸ்ஸில் வரப்போவதை. அதற்கு ‘யாருன் ஒதொபுஸ்லெ கெலெஜேயிம்’ போதும். ‘யாருன்’ நாளைக்கு, ‘ஒதொபுஸ்லெ’ பஸ்ஸில், ‘கெலெஜேயிம்’ வருவேன். அந்த வாக்கியத்தில் ‘டேக்’குக்கு வேலையே இல்லை.